திமிங்கலத்துக்கு உத்தரவாதம் கிடையாது

போன மே மாதம் மண்டகப்பட்டுக்குப் போயிருந்தேன். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். பெரியம்மா வீடு அங்கேதான். லீவுக்கு மூன்று குடும்பம் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும்? ராத்திரி மொட்டை மாடியில் பாயை விரித்துப் போட்டு, ‘எங்கேயாவது போலாமே’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்தார்கள்.

செஞ்சிக் கோட்டை என்றேன். ‘அதான் வருஷா வருஷம் பாக்கறமே மாமா’ என்றான் தங்கச்சி மகன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியையும் சேர்த்துவிட்டது. உலகமே பார்க்க வரப் போகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அது பழைய கோட்டை. அவர்களுக்கு வேண்டியது திமிங்கலம். செல்போனில் வீடியோ பார்த்திருக்கிறார்கள். படகுக்குப் பக்கத்தில் ஒரு கரிய முதுகு எழும்புகிறது, புஸ்ஸென்று மூச்சு விடுகிறது, படகில் இருப்பவர்கள் எல்லாரும் அலறுகிறார்கள். அதே மாதிரி நாமும் அலற வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முதலில் இலங்கை என்று திட்டம் போட்டார் தங்கச்சி வீட்டுக்காரர். திருகோணமலை, மிரிஸ்ஸ என்றெல்லாம் பெயர் சொன்னார். பதினோரு பேருக்கு டிக்கெட், விசா, ஹோட்டல் என்று கணக்குப் போட்டதும் இலங்கை தானாகவே தூரமாகிவிட்டது. ‘அட, கடல் இங்க இல்லியா? பாண்டிச்சேரி ஒன்றரை மணி நேரம். தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஃபைபர் போட் வெச்சிருக்கான். தலைக்கு ஆயிரம்னா ஓகேன்னுவான்’ என்று அப்போதே போனைப் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம்.

‘தம்பி, திமிங்கலம் தெரியுமில்ல?’

‘பாத்துக்கலாம் சார்.’

‘பாத்துக்கலாம் எல்லாம் வேணாம்ப்பா. கட்டாயம் தெரியணும். தெரியலன்னா காசு கிடையாது, சொல்லிட்டேன்.’

‘தெரியும் சார், தெரியும்.’

போனை வைத்துவிட்டு, பேரம் பேசி ஜெயித்த முகத்தோடு எங்களைப் பார்த்தார் மாப்பிள்ளை. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெரியம்மா மட்டும் கேட்டார்: ‘அது என்னா நம்ம வீட்டு மாடா, நேரத்துக்கு வந்து நிக்கிறதுக்கு?’

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் படித்தது பி.காம். கப்பல் கட்டத் தெரியாது, கடல் தெரியாது, திமிங்கலம் சத்தியமாகத் தெரியாது. ஆனால் ‘தெரியலன்னா காசு கிடையாது’ என்ற ஒரு வரி ஒரு வியாபாரத்தை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

*

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் முதல் பாடமே நிலைச்செலவு, மாறும் செலவு. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இருபது பேர் போகக்கூடிய ஒரு படகு. ஆளுக்கு ஆயிரம் ரூபாய். இருபது பேர் ஏறினால் 20,000. டீசல், ஆள் கூலி, படகுக்குக் கட்டும் தவணை எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 14,000 என்று வையுங்கள். மிச்சம் 6,000.

இப்போது இருபத்தோராவது ஆள் வந்து நிற்கிறார். அவரை ஏற்றினால் டீசல் அதிகம் ஆகுமா? ஆகாது. கூலி ஏறுமா? ஏறாது. அவர் கொடுக்கும் ஆயிரமும் முழு லாபம். இன்னும் ஐந்து பேரை நெருக்கி உட்கார வைத்து, ஆக ஆறு பேர் கூடுதலாக ஏற்றினால் லாபம் ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம். அதாவது இரண்டு மடங்கு. உலகத்தில் எந்த வியாபாரத்தில் ஆறு பேரைக் கூடச் சேர்த்தால் லாபம் இரட்டிப்பாகிறது? பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில், படகில். மூன்றிலும் நாம் எப்படிப் போகிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது உத்தரவாதம். திமிங்கலம் தெரியாவிட்டால் பணம் வாபஸ் என்றால், தெரியாத நாளில் படகுக்காரருக்கு 14,000 கைநஷ்டம். அதை ஈடுகட்ட இரண்டு நாள் முழு லாபமும் போதாது. அப்படியானால் அவர் என்ன செய்வார்? காற்று ஏறினாலும் திரும்ப மாட்டார். ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்று போய்க்கொண்டே இருப்பார். எங்கேயாவது ஒரு முதுகு தெரிந்தால் முழு வேகத்தில் அதை நோக்கி விடுவார். பக்கத்துப் படகுக்காரரும் அதே கணக்கில் இருப்பதால் அவரும் விடுவார். இதில் யாரும் கெட்டவர் இல்லை. ‘காட்டினால்தான் காசு’ என்று நாம் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை அவர்கள் நிறைவேற்றுகிறார்கள்.

பயணத்துக்குக் காசு கொடுக்காமல் மிருகத்துக்குக் காசு கொடுக்கிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

‘சும்மா பயமுறுத்தாதீங்க சார்’ என்பவர்களுக்கு மூன்று தேதிகள்.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. அன்று என்ன நடந்தது என்று தப்பித்தவர்கள் சொன்னது நினைவிருக்கிறதா? கரையில் விலங்குகள் தெரிந்தன. ‘அதோ அதோ’ என்று எல்லாரும் ஒரே பக்கம் போனார்கள். படகு சாய்ந்தது. அதோ என்று கை நீட்டுவதற்காகத்தான் அத்தனை பேரும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

2011 டிசம்பர் 25, பழவேற்காடு. கிறிஸ்துமஸ் அன்று உறவுக்காரர்களாகச் சேர்ந்து சந்தோஷமாகப் போனவர்கள். 22 பேர் திரும்பவில்லை. லைஃப் ஜாக்கெட் இல்லை.

2023 மே 7, மலப்புறம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியிருந்தார்கள். ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள். மீண்டும் 22 பேர். குழந்தைகள் அதிகம்.

மூன்றுமே ஏரி, கழிமுகம் போன்ற அமைதியான தண்ணீர். அலை அடிக்கிற திறந்த கடல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் விசாரணை வந்தது, ‘இனி லைஃப் ஜாக்கெட் கட்டாயம்’ என்று உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்கள் யாரும் அந்த இருபத்தோராவது ஆளின் கணக்கைத் தொடவில்லை. கணக்கு அப்படியே இருக்கும்வரை உத்தரவு சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

எங்கள் ஊர் மாதிரி உள்நாட்டு ஊர்க்காரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த கடல் ஏரிதான். அது நிரம்பினால் சந்தோஷம், வற்றினால் கிரிக்கெட். காற்று எப்போது மாறும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கடற்கரைக் குப்பத்துச் சின்னப் பையனுக்குத் தெரிவது எங்கள் ஊர் வாத்தியாருக்குத் தெரியாது. தெரியாதவன்தான் ‘இன்னும் கொஞ்சம் உள்ள போப்பா’ என்பான்.

*

ஊருக்கு உபதேசம் பண்ணும் முன்னால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கடற்கரை நகரத்தில் டால்பின் பார்க்கக் குடும்பத்தோடு போனேன். யார் படகு, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன. மூட்டையாகக் கட்டி சீட்டுக்கு அடியில் இருந்தன. ‘போட வேண்டாமா?’ என்று என் மகள் கேட்டாள். ‘செக்கிங் வந்தா போட்டுக்கலாம் பாப்பா’ என்றார் படகில் இருந்தவர். நான், படித்தவன், பத்திரிகைக்காரன், ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலில் அந்த ஜாக்கெட் நாற்றமடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தூரத்தில் மூன்று முதுகுகள். நம்ம மீனவர்கள் ஓங்கல் என்று சொல்வார்கள். ஒன்றின் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு குட்டி. எங்கள் படகு பாய்ந்தது. எங்கிருந்தோ இன்னும் நான்கு படகுகள் பாய்ந்தன. ஐந்து பக்கமும் மோட்டார் சத்தம். டால்பின்கள் ஒரு பக்கம் முங்கி மறு பக்கம் எழுந்தன. அங்கேயும் படகு. மறுபடி முங்கின. அப்புறம் எழவே இல்லை. நாங்கள் கைதட்டினோம். நானும்தான் கைதட்டினேன். ‘காசு வசூல்’ என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. திமிங்கலமும் டால்பினும் மீன் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுபவை, குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. தலைக்கு மேல் பீய்ச்சியடிப்பது கடல் தண்ணீர் என்று நினைக்கிறோமே, அது அதன் மூச்சு. அது மேலே வருவது நமக்கு தரிசனம் தர இல்லை, மூச்சு வாங்க. எண்ணெய்த் திமிங்கலம் முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆழத்தில் இருந்து இரை தேடிவிட்டு, மேலே வந்து சில நிமிஷம் மூச்சு வாங்கி இளைப்பாறும். அந்தச் சில நிமிஷத்தில்தான் நாம் ஐந்து படகில் போய்ச் சுற்றி வளைக்கிறோம். மாடிப்படி ஏறி மூச்சிரைத்து நிற்கும் பெரியவரை ஐந்து பேர் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தால் எப்படி இருக்கும்?

இது வெறும் இரக்கப் பேச்சு இல்லை, சட்டமும் இதையே சொல்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. திமிங்கலங்களும் டால்பின்களும் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே வரிசையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டும் இல்லை. பொறி வைப்பது, பிடிப்பது, துரத்தி விரட்டுவது எல்லாமே வேட்டைக்குள் வரும். அன்று நான் குடும்பத்தோடு போனது பிக்னிக் என்று நினைத்திருந்தேன். சட்டப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அதற்கு வேறு பெயர் வரும் போலிருக்கிறது.

*

சரி, இலங்கையில் எப்படி?

திமிங்கலம் பார்ப்பதற்கு நம் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. திருகோணமலையில் கரைக்குப் பக்கத்திலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. கோணேசர் கோயில் இருக்கும் பாறை மேலிருந்தே அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கலம் தெரிவதுண்டு. டிக்கெட் இல்லை, டீசல் இல்லை, சாமி தரிசனமும் ஆச்சு. தெற்கே மிரிஸ்ஸ கரையிலிருந்து போனால் நீலத் திமிங்கலம். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளிலேயே பெரியது. மற்ற கடல்களில் இரைக்கும் இனப்பெருக்கத்துக்கும் துருவத்துக்கும் வெப்பக் கடலுக்கும் அலைகிற இந்த இனம், இலங்கைக் கடலில் வருஷம் முழுக்கவே தங்குகிறது. ஆஷா டி வோஸ் என்ற இலங்கைக் கடல் உயிரியலாளர் இதையே பல வருஷம் ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார்.

சுனாமிக்குப் பிறகு, உள்நாட்டுப் போரும் முடிந்த பிறகு, மிரிஸ்ஸவில் இந்தத் தொழில் விறுவிறுவென்று வளர்ந்தது. மீன் பிடித்தவர்கள் திமிங்கலம் காட்டப் போனார்கள். நல்ல விஷயம். ஆனால் படகுகள் பெருகின, போட்டி வந்தது. ‘இன்று தெரியாவிட்டால் நாளை இலவசமாகக் கூட்டிப் போகிறோம்’ என்ற வாக்குறுதி வந்தது. ஒரு திமிங்கலத்தைச் சுற்றிப் படகுக் கூட்டம் மொய்த்தது. 2012-ல் இலங்கை அரசு விதிகளைக் கொண்டுவந்தது. நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, வேகமாகப் பாயக் கூடாது என்றெல்லாம். முதலில் படகு, அப்புறம் விதி. பழக்கம் ஊறிய பிறகு விதியை ஏற்ற எவ்வளவு பாடு என்பதை நம் ஹெல்மெட் சட்டத்தைக் கேட்டால் சொல்லும்.

இதில் பெரிய வில்லன் டூரிஸ்ட் படகு இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் தெற்கு முனையை ஒட்டி உலகத்தின் முக்கியமான கப்பல் பாதை போகிறது. திமிங்கலம் இரை தேடும் இடமும் அதுவே. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில் செத்த நீலத் திமிங்கலம் ஒன்று மடிந்து தொங்கிக்கொண்டு வந்தது. கப்பல்காரர்களுக்கு இடித்ததே தெரியாது. பாதையைப் பதினைந்து கடல் மைல் தெற்கே தள்ளுங்கள் என்று விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் கேட்டார்கள். எம்.எஸ்.சி. என்ற உலகின் பெரிய கப்பல் கம்பெனி 2022-ல் தானாகவே தன் கப்பல்களைத் தள்ளி ஓட்ட ஆரம்பித்தது. கொஞ்சம் டீசல் அதிகம், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய கப்பலைத் தள்ளி ஓட்ட முடிகிறது. பதினோரு பேர் போகும் ஃபைபர் படகைத் தள்ளி நிறுத்த முடியாதா?

*

‘அப்படியானால் யாரும் திமிங்கலமே பார்க்கக் கூடாதா? பார்த்தால்தானே அதன்மேல் அன்பு வரும்?’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல கேள்வி, நான் ஒப்புக்கொள்கிறேன்.

1955-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு மீனவர் ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சாம்பல் திமிங்கலத்தைக் காட்டினார். அதுதான் இந்தத் தொழிலின் ஆரம்பம் என்பார்கள். அப்போது உலகம் முழுக்க எண்ணெய்க்கும் கறிக்கும் திமிங்கலத்தைக் கொன்றுகொண்டிருந்தார்கள். வியாபாரத்துக்காகக் கொல்வதை நிறுத்த 1982-ல் சர்வதேச திமிங்கல ஆணையம் முடிவெடுத்து 1986-ல் நடைமுறைக்கு வந்தது. செத்த திமிங்கலத்துக்கு ஒரு தடவைதான் காசு, உயிரோடு இருந்தால் வருஷா வருஷம் காசு என்ற கணக்கு அந்த மனமாற்றத்துக்கு உதவியது. கணக்கு எப்போதும் வில்லன் இல்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

நம் ஊரில் திமிங்கலம் எப்போது செய்தியாகிறது? செத்துக் கரை ஒதுங்கினால். இல்லாவிட்டால் ‘திமிங்கல வாந்தி கடத்தல், மதிப்பு இத்தனை கோடி’ என்று நான்கு பேர் போலீஸோடு நிற்கும் போட்டோவில். உயிரோடு இருக்கும் திமிங்கலத்துக்கு நம் பத்திரிகைகளில், என் பத்திரிகையையும் சேர்த்து, இடம் கிடையாது.

ஆனால் 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, ஆலந்தலைக் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறி விழுந்தபோது என்ன நடந்தது? 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது. 2016-ல் அவற்றை ராத்திரி முழுக்கத் தள்ளிக் கடலுக்குள் விட்டவர்களில் முன்னால் நின்றவர்கள் அந்த ஊர் மீனவர்கள். தள்ளத் தள்ளச் சில திரும்பிக் கரைக்கே வந்தன. மறுபடி தள்ளினார்கள். யாரும் அவர்களுக்கு டிக்கெட் விற்கவில்லை, உத்தரவாதமும் கொடுக்கவில்லை. அந்த மீனவர்கள்தான் நாளைக்கு இங்கே திமிங்கலப் படகு ஓட்ட வேண்டியவர்கள். ஏதோ ஒரு ஊரிலிருந்து ஸ்பீட் போட்டோடு வரும் கான்ட்ராக்டர் இல்லை.

*

மறுநாள் காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரிலேயே இருக்கும் குடைவரைக்குப் போனேன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தது. பாறையை வெட்டி மண்டபம், இரண்டு பக்கமும் தடி ஊன்றிய வாயிற்காவலர்கள், உள்ளே பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு மூன்று கருவறைகள். மூன்றும் இப்போது காலி. ‘உள்ள ஒண்ணுமே இல்லியே மாமா’ என்று பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் கிளம்பத் தயார்.

அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்தக் கோயிலை எடுப்பித்தேன் என்று விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரோடு ராஜா பெருமைப்பட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு முந்தின ராத்திரி போன் பேச்சுதான் ஞாபகம் வந்தது. நாமும் ஒரு கல்வெட்டு வெட்டலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல், லைசென்ஸ் இல்லாமல், இன்ஷூரன்ஸ் இல்லாமல், பயிற்சி இல்லாமல் பதினோரு பேரை நடுக்கடலுக்குக் கூட்டிப் போனோம் என்று. ராஜா நான்கையும் விட்டுவிட்டுப் பாறையை நம்பினார். அது ஆயிரத்து நானூறு வருஷமாக நிற்கிறது. நாம் நான்கையும் விட்டுவிட்டு எதை நம்புகிறோம்? ‘பாத்துக்கலாம் சார்’ என்பதை.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையிடம் நம்பர் வாங்கி அந்தப் படகுக்காரப் பையனிடம் நானே பேசினேன்.

‘தம்பி, உன் போட்ல எத்தனை பேர் போலாம்?’

‘அஞ்சாறு பேர்னா வசதி சார். பதினோரு பேர்னு உங்காளு சொன்னப்பவே யோசிச்சேன். நான் மாட்டேன்னா பக்கத்துல வேற ஒருத்தன் ஏத்திக்கினு போயிடுவான்.’

‘ஜாக்கெட்?’

‘நாலு கீது சார். சின்னப் பசங்க சைஸ் இல்ல.’

‘திமிங்கலம்?’

கொஞ்சம் யோசித்தான். ‘பன்னெண்டு வருஷமா கடலுக்குப் போறேன். ரெண்டே வாட்டி பாத்துருக்கேன் சார். ரெண்டு வாட்டியும் வேலைய வுட்டுட்டு வாயத் தொறந்துகினு நின்னோம்.’

‘அப்புறம் ஏம்ப்பா தெரியும்னு சொன்னே?’

‘அவரு தெரியலன்னா காசு இல்லன்னாரே சார்.’

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொய்யை நாம்தான் கேட்டு வாங்கினோம்.

*

ஆகவே அரசாங்கத்துக்குச் சில கோரிக்கைகள். தமிழ்நாட்டிலோ புதுவையிலோ திமிங்கலப் படகு, டால்பின் படகு என்று பெரிதாக ஆரம்பிக்கும் முன்னால் விதியை எழுதுங்கள், மிரிஸ்ஸ மாதிரி பின்னால் எழுதாதீர்கள். ‘கட்டாயம் காட்டுவோம், இல்லாவிட்டால் பணம் வாபஸ்’ என்ற விளம்பரத்தைத் தடை செய்யுங்கள். காற்று மோசமாகித் திரும்பி வந்தால் வாபஸ் கொடுக்கட்டும். திமிங்கலம் வராததற்குக் கொடுக்கக் கூடாது. படகின் பக்கவாட்டில் எத்தனை பேர் என்று ஆள் உயர எழுத்தில் எழுதி வையுங்கள், தவறினால் அபராதம் அந்த இருபத்தோராவது ஆளின் ஆயிரத்தைப் போல இருபது மடங்கு இருக்கட்டும். அப்போதுதான் கணக்கு மாறும். ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை படகு, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். உரிமத்தை அந்தந்தக் கரை மீனவர்களுக்குப் பயிற்சியோடும் இன்ஷூரன்ஸோடும் கொடுங்கள்.

இதெல்லாம் நடக்க வருஷங்கள் ஆகலாம். உங்கள் லீவு அடுத்த மாதமே வந்துவிடும். அதனால் உங்களுக்கும் ஒரு கோரிக்கை.

படகுக்குப் போன் போடும்போது ‘திமிங்கலம் தெரியுமா?’ என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். ‘எத்தனை பேர் ஏத்துவீங்க? குழந்தை சைஸ் ஜாக்கெட் இருக்கா? காத்து ஏறினா பாதியில திரும்புவீங்களா? டால்பின் வந்தா தள்ளி நின்னு இன்ஜினை அடக்கிடுவீங்களா?’ இந்த நாலையும் கேளுங்கள். கடைசியாக, ‘ஒண்ணும் தெரியலன்னாலும் பேசின காசு முழுசா தருவேன்’ என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வரியில் படகுக்காரர் கை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுபடும். திமிங்கலம் பிழைக்கும். உங்கள் பிள்ளையும்தான்.

நாங்கள் போகவில்லை. பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பையனுக்கு மட்டும் மாப்பிள்ளை ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். டிசம்பர் லீவில் இரண்டு நடையாக, ஐந்தைந்து பேராக, ஜாக்கெட் நாங்களே வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று. பெரியம்மா வர மாட்டாராம், அதனால் கணக்கு பத்துக்குச் சரியாக வருகிறது. திமிங்கலம் வருமா என்று மாப்பிள்ளை இந்தத் தடவை கேட்கவில்லை.